பதம் தாண்டாத பாட்டுகள்

ஏப்ரல் வந்துவிட்டால் கொழும்பு வானொலிக்கும் வியர்க்கத் தொடங்கிவிடுகிறது. காலை பத்து மணிக்குக் கோடைக்கேற்ற பழைய ஆங்கிலப் பாட்டுகள் என்று அரைமணி நேரம் வைக்கிறார்கள். கடற்கரை, படகு, எலுமிச்சம் பானம், மணலில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு. இவற்றைப் பற்றி இளங்குரலில் பாடியவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கும். நானும் மேசை விசிறியை முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு கேட்கிறேன். முதல் சரணம் போகும். இரண்டாவதும் போகும். மூன்றாவது தொடங்கியதும் அறிவிப்பாளர் உள்ளே புகுந்து ஏதோ ஒரு சவர்க்காரத்தின் நுரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

"ரேடியோவப் பாத்துப் பல்லக் கடிக்கிற மனுசன இந்த வீட்டிலதான் பாக்கலாம்" என்கிறாள் என் மனைவி.

அறிவிப்பாளர் பாவம், அவருக்குச் சம்பளம் தருவது சவர்க்காரம். என் பல் பழக்கப்பட்ட பல். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, இதே பாட்டுகளை இதே இடத்தில் நிறுத்தி, நான்கு வருடம் என்னைப் பல்லைக் கடிக்க வைத்த ஒருவர் இருந்தார்.

அவர் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தைத் தேயிலையாக்கும் டீமேக்கர். பெயர் வேண்டாம். சொன்னாலும் பாதகமில்லைதான், அந்தக் காலத்து அவராக இருந்தால் இதை இரண்டாம் பக்கத்தோடு மூடிவைத்துவிடுவார்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து இரண்டு மைல் மேலே ஏறினால் தோட்டம். நான் அங்கே சின்னக் கிளாக்கர். லண்டன் மெட்ரிக்குலேஷனில் ஆங்கிலப் பாடத்தில் மட்டும் இரண்டு முறை தவறியிருந்தேன். தோட்டத்தில் மற்றவர்கள் ஒருமுறைகூட எழுதாததால், ஆங்கிலத்தில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அனுபவசாலி என்று என்னிடம்தான் வருவார்கள்.

டீமேக்கருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தொழிலாளர் லயத்தில் பிறந்து, பாதிரியார் ஒருவரின் தயவில் படித்து, ஸ்டோரில் கூட்டிப் பெருக்கும் வேலையிலிருந்து டீமேக்கர் வரை மூக்கைக் கொண்டே ஏறி வந்தவர். ஸ்டோர் என்றால் கடையல்ல. தேயிலைத் தொழிற்சாலையை மலையில் அப்படித்தான் சொல்வோம். அவருடைய மூக்கு சாதாரண மூக்கல்ல. உருட்டின கொழுந்தைச் சீமெந்து மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறமாகும். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். ஒரு பிடி அள்ளி முகர்வார். மேலும் நடப்பார். இன்னொரு பிடி. திடீரென்று, தேள் கொட்டியவர் மாதிரி கத்துவார்: "அள்ளு! அள்ளு! போடு அடுப்புல!"

ஒருநாள் எனக்கு அதை விளக்கினார்.

"மொதல்ல பச்ச வாசன. அப்பறம் பேரிக்கா வாசன வரும். அதான் பதம். ஒரு நிமிஷம் தாண்டுச்சின்னு வைங்க, புளிச்ச கள்ளு. அப்பறம் எந்தத் தொரை வந்தாலும் திருப்ப முடியாது. ஆரம்பிக்க எந்தக் கழுதையாலயும் முடியும்யா. நிறுத்தத் தெரிஞ்சவன்தான் டீமேக்கர்."

அருமையான தத்துவம். ஸ்டோருக்குள் இருந்தவரை அதனால் யாருக்கும் தீங்கில்லை. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

சோற்றைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "போதும் புள்ள, பதம் வந்திருச்சி." கரம் போர்ட் ஆடினால் கடைசி மூன்று காய் பலகையிலேயே கிடக்கும். ஞாயிறு பூசையில் கடைசி ஆசீர்வாதத்துக்குப் பாதிரியார் கையைத் தூக்கும்போது, இவர் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். கதை சொன்னால் அதைவிட மோசம். "அன்னைக்கு ராத்திரி சிறுத்தை நேரா எங்க மாட்டுப் பட்டிக்குள்ளயே பூந்திருச்சி" என்பார். நாற்காலி நுனிக்கு வந்துவிடுவோம். அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொள்வார். அந்தச் சிறுத்தை இன்றைக்கும் அந்தப் பட்டிக்குள்தான் இருக்கிறது.

ஒருமுறை மனைவியை ஹட்டனுக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். ஒரு ஜமீன்தாரைக் கொன்றது யார் என்பதுதான் படம். இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் மனுஷன் எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"பஸ்ஸுக்கு. போதும்யா, நல்ல படம். ருசி தெரிஞ்சிருச்சி."

"கொலகாரன் யாருன்னு தெரிய வேணாமா?"

"எவனோ ஒருத்தன். நம்மளா செஞ்சோம்?"

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த அம்மாவும் நானும் ஆளுக்கொரு கொலைகாரனைப் பிடித்து வாதாடிக்கொண்டே வந்தோம். பிறகு வட்டகொடைக் கடைத்தெருவில், அந்தப் படத்தை மூன்று முறை பார்த்த துணிக்கடை நானாவிடம் கேட்டுத்தான் உண்மை தெரிந்தது. இரண்டு பேருமே தப்பு.

அந்த அம்மா மன்னார்க்காரி. கன்னியர் மடத்தில் படித்தவர். ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஆங்கிலம் பேசும்போதெல்லாம் மரியாதைக்காகத் தமிழிலேயே பதில் சொல்வார். கடலும் வெயிலுமாக வளர்ந்தவருக்கு எங்கள் மலையின் குளிர் சேரவில்லை. மே கடைசியில் தென்மேல் மழை இறங்கினால் நெஞ்சில் இழுப்பு வந்துவிடும். உடனே தகரப் பெட்டியோடு வட்டகொடையில் ரயிலேறி, பொல்காவலையில் வண்டி மாறி, தாய்வீடு போய்விடுவார். ஜனவரியில் வெயில் கண்டதும் திரும்பி வருவார். குழந்தைகள் இல்லை. ஆக, வருடத்தில் ஐந்து மாதக் குடித்தனம்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். இதுவரை வராததற்கு அவருடைய சகவாசம்தான் காரணமாக இருக்க வேண்டும். நான் பாதியில் விடாவிட்டாலும் பாதியில்தான் ஆரம்பிக்கிறேன்.

வெள்ளைக்காரச் சின்னத் தொரை ஒருவர் வேலையை விட்டுச் சீமைக்குப் போகும்போது, தன் கிராமபோன் பெட்டியையும் பன்னிரண்டு இசைத்தட்டுகளையும் டீமேக்கரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல தேயிலை குடித்த நன்றி. பன்னிரண்டும் அப்போதைய புதுப் பாட்டுகள். பன்னிரண்டும் கோடைப் பாட்டுகள். மழையும் மூடுபனியும் அட்டையும் தவிர வேறொன்றும் காணாமல் மூன்று வருடம் எங்கள் தோட்டத்தில் கிடந்த அந்தப் பையன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வெயில் அவ்வளவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

கேட்க ஆள் சேர்ந்தது. ஆனால் டீமேக்கர் சட்டம் வைத்திருந்தார். முதல் சட்டம், வெயில் இல்லாவிட்டால் பாட்டு இல்லை. காற்றின் ஈரம் பார்க்க ஸ்டோர் மேல்மாடியில் இரட்டைக் கண்ணாடிக் குழாய் ஒன்று மாட்டியிருக்கும். கொழுந்து வாட்டுவதற்காக வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பெட்டியைத் திறப்பார்.

"இன்னிக்கு ஒரு பாட்டு போடலாமே, லேசாத்தான மூடியிருக்கு" என்று கெஞ்சினால், "மழையில வெயில் பாட்டப் போடுறது ஈரக் கொழுந்த அடுப்புல போடுற மாதிரி. வேகும், மணக்காது" என்பார்.

ஏப்ரலில் கொழும்புக்காரர்கள் வெயில் தாங்காமல் நானுஓயாவில் வந்திறங்கி, நுவரெலியாவுக்குப் போய்க் கம்பளிச் சட்டையோடு குதிரைப் பந்தயம் பார்ப்பார்கள். அதே வாரத்தில் நாங்கள் பக்கத்து மலையில் வெயிலைத் தேடித் தட்டும் கையுமாகக் காத்திருப்போம்.

அந்த அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "எங்கட ஊரில வருஷம் முழுக்க வெயில்தான் தம்பி. அதுக்கு ஒருத்தரும் ஒரு பாட்டுக் கட்டேல்ல" என்பார்.

இரண்டாவது சட்டம்தான் என் பல்லைப் பாழாக்கியது. தட்டு மூன்று நிமிடம் ஓடும். முதல் சரணத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாவது சரணத்தில் தலை லேசாக ஆடும். பிறகு குரல் ஓய்ந்து, வாத்தியம் மட்டும் கொஞ்சம் தனியாக நடக்கும். அங்கே கையை நீட்டி ஊசியைத் தூக்கிவிடுவார்.

"போதும். பதம் வந்திருச்சி."

பன்னிரண்டு தட்டு, இருபத்துநான்கு பாட்டு. ஒன்றின் முடிவும் எனக்குத் தெரியாது. படகில் ஏறச் சொல்கிறானே, ஏறினாளா? ஐஸ்கிரீம் வண்டிக்காரனுக்காகக் காத்திருக்கிறாளே, வந்தானா? மணலில் கிடந்த செருப்பு யாருடையது? கேட்டால், "டீ ருசி பாக்கறவன் கோப்பையக் கவுத்தா குடிக்கிறான்? ஒரு வாய் உறிஞ்சிட்டுத் துப்பிருவான். ருசிக்கு ஒரு வாய் போதும்" என்பார். துப்புவதற்காவது முழுசாக ஒரு வாய் கொடுங்களேன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இந்த அரைகுறைக் கல்வியோடு ஓர் ஏப்ரலில், உத்தியோகத்தர்கள் கூடிய கிளப் விருந்தில் நான் பாட எழுந்ததுதான் என் வாழ்க்கையின் உச்சம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். தோட்டத்தில் ஆங்கிலப் பாட்டுத் தெரிந்த ஒரே ஆள் என்று பெரிய கிளாக்கர் அறிமுகம் செய்துவைத்தார். படகுப் பாட்டை எடுத்தேன். இரண்டு சரணம் கம்பீரமாகப் போனது. அப்புறம் வாத்தியத்தை வாயாலேயே வாசித்தேன். அப்புறம்? அப்புறம் எனக்குத் தெரிந்தது முதல் சரணம்தான். மறுபடி அதைப் பாடினேன். மறுபடி இரண்டாவது. மறுபடி வாத்தியம். வெளியே வரும் வழி தெரியாமல் மூன்றாவது சுற்றில் நான் இருந்தபோது பெரிய கிளாக்கர் எழுந்து வந்து, என் முதுகில் பலமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"ஊசி மாட்டிக்கிச்சி போல. மன்னிச்சிக்கங்க" என்றார் சபையைப் பார்த்து.

டீமேக்கர் அப்போது அங்கே இல்லை. பாயசத்துக்கு முன்பே போய்விட்டிருந்தார்.

அந்த வருடம் மே மாதம் மன்னாரிலிருந்து கடிதம் வந்தது. அந்த அம்மாவின் அண்ணன் எழுதியிருந்தார். இந்த முறை தங்கச்சி வந்தால் திருப்பி அனுப்புவதாக இல்லை. மலைக்குளிர் ஒருநாள் ஆளைக் கொண்டுபோய்விடும். மாப்பிள்ளைக்கு வேண்டுமென்றால் வேலையை விட்டுவிட்டு இங்கே வரட்டும். டீமேக்கர் கடிதத்தைப் பாதி வரை படித்துவிட்டு மடித்து வைத்தார். மீதியை அந்த அம்மா சத்தமாகப் படித்தார். நான் முன்னறையில், கூரையைப் பார்ப்பது ஒரு வேலை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஞாயிற்றுக்கிழமை. மதியம் வரை வெயில் இருந்ததால் பெட்டி திறந்திருந்தது. மேற்கே மலைமேல் கறுப்பு கட்டிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றார் அந்த அம்மா. "நான் ஒண்டு கேக்கிறன். ஒரு பாட்டை முழுசாப் போடுங்கோ. நான் இந்த மழைக்குப் போகேல்ல. இழுப்பு வந்தா வரட்டும். கம்பளியச் சுத்திக்கொண்டு இஞ்சயே கிடக்கிறன். அண்ணனுக்கு நானே எழுதிறன்."

"என்னா புள்ள, பாட்டுக்கும் இழுப்புக்கும் என்னா சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கோ இல்லையோ, போடுங்கோ. எட்டு வருஷமா உங்களோட நான் எதையும் முழுசாக் கண்டதில்ல. சோறில்ல, படமில்ல, பூசையில்ல. ஒரு மூண்டு நிமிஷம்."

டீமேக்கர் விசையை முறுக்கினார். படகுப் பாட்டுத்தான். முதல் சரணம். இரண்டாவது. வாத்தியம் தனியாக நடக்கத் தொடங்கியது. அவர் கை மடியில் இருந்தது. நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடும்பம் பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதாக எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில், அவள் படகில் ஏறினாளா இல்லையா என்பது தெரியப்போகிறதே என்றுதான் என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கை எழுந்தது. மெதுவாக, வேறு யாருடைய கையோ போல எழுந்துபோய் ஊசியைத் தூக்கியது.

"போதும்" என்றார். பதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மா எழுந்தார். உள்ளே போனார். கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே முதல் துளிகள் விழுந்தன.

செவ்வாய்க்கிழமை அவரை ரயிலேற்ற என்னை அனுப்பினார் டீமேக்கர். ஸ்டோரில் கொழுந்து குவிந்து கிடக்கிறது, நகர முடியாது என்றார். குவிந்து கிடந்தது உண்மைதான். வட்டகொடை மேடையில் மழை குறுக்காக அடித்தது. பெட்டியை ஒரு தூணின் பின்னால் வைத்துவிட்டு, பதுளையிலிருந்து இறங்கி வரும் வண்டிக்காக நின்றோம். அந்த அம்மாவின் மூச்சு ஏற்கெனவே லேசாக விசிலடித்தது.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அன்னைக்கு அவர் அந்தப் பாட்ட முழுசாப் போட்டிருக்கலாம்ங்க. நீங்களும் ஒருதரம் கேட்டிருப்பீங்க" என்றேன்.

"நான் கேட்டுப்போட்டன் தம்பி."

"எத?"

"எல்லாத்தையும். இருபத்துநாலும். அவர் ஸ்டோருக்குப் போனாப் பிறகு தனிய இருந்து என்ன செய்யிறது? ரெண்டு வருஷமாக் கேக்கிறன். பாடமே வந்திட்டுது."

எனக்கு மேடை சுற்றியது. நான்கு வருடமாக நான் தவித்த இருபத்துநான்கு முடிவுகளும் இரண்டு வருடமாக எனக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்திருக்கின்றன.

"அந்தப் படகுப் பாட்டு..." என்றேன். "மூணாவது சரணத்துல... அவ ஏறுறாளா?"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நான் புருஷன விட்டிட்டுப் போறன். நீர் பாட்டுக் கேக்கிறீர்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் அவரே சொன்னார். "ஏறேல்ல. வெயில் முடிஞ்சிடும். அவள் போயிடுவாள். அது மட்டுமில்ல, எல்லாப் பாட்டும் அப்பிடித்தான். மூண்டாம் சரணத்தில மழை வரும், ஆரோ ஒராள் ரயிலோ கப்பலோ ஏறும். அதுக்குத்தான் நிப்பாட்டுறார், பாவம். எனக்குத் தெரியக்கூடாதெண்டு."

"பதம்னாரே?"

"பதமாம் பதம். பயம்." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினார். "முடிவு எனக்குத் தெரியும் தம்பி. அவர் தன்ர கையால ஒருக்கா அதைப் போட்டு, பக்கத்தில இருக்க வேணுமெண்டுதான் கேட்டன். வேற ஒண்டுமில்ல."

வண்டி வந்தது. பெட்டியை ஏற்றினேன். யாருக்கும் கையசைக்காமல் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு போனார்.

நான் நனைந்துகொண்டே இரண்டு மைல் ஏறி நேராக டீமேக்கரின் வீட்டுக்குப் போனேன். மூன்று மணி இருக்கும். சாப்பிட வந்தவர், சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். கிளாக்கர் வேலையில் ஒரு பழக்கம், கேட்டதை அப்படியே ஒப்பித்துவிடுவேன். பயம் என்ற சொல்லையும் விடவில்லை.

"எல்லாத்தயுமா?" என்றார்.

"இருபத்துநாலும்ங்க. பாடமாம்."

"எனக்கு முழுசாத் தெரியாதுய்யா. வந்த புதுசுல ரெண்டு பாட்டு முழுசாக் கேட்டேன். ரெண்டுலயும் போயிட்டா. மத்ததுலயும் அப்பிடித்தான் இருக்கும்னு..." வாக்கியத்தை விட்டுவிட்டார். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த ஸ்டோரே தெரியவில்லை. இரட்டைக் குழாயைப் பார்க்க யாரும் போகவில்லை.

படகுப் பாட்டு. முதல் சரணம். இரண்டாவது. வாத்தியம் வந்ததும் அவர் கை கிளம்பியது. மற்றக் கையால் அதைப் பிடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மூன்றாவது சரணம். நான்கு வருடம் காத்திருந்த எனக்குச் சொல்ல உரிமை உண்டு: சுமாரான சரணம். எதுகைக்காக ஒரு சொல்லைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள். மழை வந்தது, கடற்கரைக் குடையை மடித்தார்கள், அவள் போனாள். பாடியவன் கடைசிச் சொல்லை இழுத்தான். அதையும் வாத்தியம் மூடிவிட்டது. பாட்டு முடிந்து, ஊசி வெறும் வரியில் கர்ர்... கர்ர்... என்று சுற்றியது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"இனி என்னாய்யா செய்யிறது?"

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. முடிந்த இடத்துக்கு அவர் எப்போது வந்து பழகினார்?

"திருப்பிப் போடணும்ங்க" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திருப்பிப் போட்டார். மூன்றாவது தட்டு ஓடும்போது, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஸ்டோரிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தான்.

"ஐயா! மேசையில கொழுந்து பதம் தாண்டுதுங்க! அடுப்புல போடவா, வேணாமா?"

"இரு. இந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு."

"கள்ளு வாசன அடிக்குதுங்கய்யா!"

"அடிக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அன்றைய கொழுந்து முழுக்கப் பாழ். அடுத்த நாள் தொரை ஒரு கோப்பை ருசி பார்த்து, அறை முழுக்கத் துப்பினார். டீமேக்கரின் உத்தியோகத்தில் விழுந்த முதல் எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்தது நான்தான். மூன்று எழுத்துப் பிழை விட்டேன். அவர் அதைக் கடைசி வரி வரை, தொரையின் கையெழுத்து உட்படப் படித்தார். அவர் எதையாவது முழுதாகப் படித்து நான் பார்த்தது அன்றுதான். படித்து முடித்துவிட்டுப் பத்து நாள் லீவு கேட்டார். பதினைந்து வருடத்தில் முதல் லீவு. கிராமபோன் பெட்டியைத் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு வட்டகொடைக்கு இறங்கினார்.

பத்தாம் நாள் தனியாகத் திரும்பி வந்தார். பெட்டியும் இல்லை.

"அம்மா வரலீங்களா?"

"மழை விடட்டும்ன்னாங்க."

"பாட்டுப் பொட்டி?"

"அங்க வச்சிட்டு வந்துட்டேன்."

"கேட்டீங்களா?"

"இருபத்துநாலும். ரெண்டு பேரும். அவுங்க அண்ணனும் வந்து உக்காந்தாரு. பதினாறாவது பாட்டுல அழுதுட்டாரு."

"அந்தக் கடுதாசி? இனி அனுப்ப மாட்டேன்னு..."

"அதப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல." பாதியில் விட்டுவிட்டு ஸ்டோருக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. முன்பாவது அரைப் பாட்டு இருந்தது. இப்போது அதுவும் மன்னாரில். ஜூனிலிருந்து டிசம்பர் வரை ஏழு மாதம், கேட்க மழை மட்டும்தான் இருந்தது. மழை ஒன்றைத்தான் எங்கள் மலையில் யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. டீமேக்கர் ஒவ்வொரு நாளும் தபால் பையை நான் பிரிக்கும்போது, ஏதோ வேலையாக வந்தவர் போல அலுவலக வாசலில் வந்து நிற்பார். சில நாள் கடிதம் வரும். வாங்கிக்கொண்டு போவார். முழுவதும் படிக்கிறாரா என்று நான் எட்டிப் பார்ப்பேன். படித்தார்.

ஜனவரி வந்தது. விடியற்காலைப் பனியில் புல் கருகி, பத்து மணிக்கெல்லாம் கண்ணைக் குத்தும் வெயில். ஒரு சனிக்கிழமை வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஒரு தகரப் பெட்டி, ஒரு கிராமபோன் பெட்டி, கருவாட்டுப் பொட்டலம் ஒன்று, கறுத்துச் சிவந்த ஒரு அம்மா, எல்லாம் மேலே ஏறி வந்தன.

மறுநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். மூவரும் உட்கார்ந்தோம். அந்த அம்மா தேநீர் ஊற்றினார். அவரே விசையை முறுக்கி, ஊசியை வைத்தார். படகுப் பாட்டு. டீமேக்கர் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. வாத்தியம் தனியாக நடக்கத் தொடங்கியது.

நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். "அப்ப நான் வாறேங்க" என்றேன். நான்கு வருடப் பழக்கம். கால் தானாகவே வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"உக்காருய்யா" என்றார் டீமேக்கர். "இன்னும் முடியல."